வெந்தயமும் குளுக்கோமீட்டரும் 19 ரீடிங்கும்

வெந்தயம் சர்க்கரையைக் குறைக்குமா என்று உங்கள் கேள்வி தொடங்குகிறது. முழுதாகப் படித்தால் நீங்கள் கேட்பது அதைவிடப் பெரியது. உங்களுக்கு வயது 47. போன வருடம் சர்க்கரை நோய் என்று சொல்லி மெட்ஃபார்மின் 500 காலை ஒன்று, இரவு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் வீட்டு மெஷினில் 142 வந்தது. பயந்துபோய் அன்று இரவே ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறவைத்தீர்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் தண்ணீரோடு சாப்பிடுகிறீர்கள். ஆறு வாரம் கழித்து 118. அந்த 42 நாளில் 19 நாள் ரீடிங் நோட்டில் இருக்கிறது. வெந்தயம் ஆரம்பித்த அதே வாரத்தில் ஸ்மார்ட் வாட்ச் வாங்கி நடக்க ஆரம்பித்தீர்கள், காபிக்குச் சர்க்கரையையும் நிறுத்தினீர்கள். நண்பரோ, "இதெல்லாம் ஆதாரமே இல்லை, ஆராய்ச்சிக் கட்டுரை இருந்தால் காட்டு" என்கிறார். "என் உடம்பில் நானே அளந்து பார்த்ததைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? காபியில் பீபரி என்கிற ஒற்றைக் கொட்டையைக் கலந்தால் ருசி கூடுகிறது என்று என் நாக்குச் சொல்கிறது, அதற்கும் கட்டுரை கேட்பாரா?" என்பது உங்கள் பதில். கடைசி வரியில், போகிற போக்கில், "இப்படியே போனால் ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. உயிர்வேதியியல் படித்துவிட்டு 31 வருடம் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தவன். எந்த மாத்திரை, எவ்வளவு என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு எண் எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே அது ஏமாற்றும் என்பதுதான் என் தொழில். அந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன்: உங்கள் நண்பர் சொல்வது தவறு. உங்கள் நோட்டு ஆதாரம்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற விஷயத்துக்கு அது ஆதாரமா என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் மெஷின். வீட்டு குளுக்கோமீட்டர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்று ஒரு சர்வதேசத் தர அளவு இருக்கிறது. 2013-ல் வந்த பதிப்பின்படி, சர்க்கரை 100 மி.கி.யோ அதற்கு மேலோ இருந்தால், நூற்றுக்கு 95 ரீடிங் லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி.க்குள். இது நல்ல மெஷினுக்கான விதி. அப்படிப் பார்த்தால் உங்கள் 142 என்பது உண்மையில் 124-லிருந்து 167 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். 118 என்பது 103-லிருந்து 139 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். முதல் நாள் அசல் அளவு 128, கடைசி நாள் அசல் அளவும் 128 என்று இருந்தாலும் உங்கள் மெஷின் இதே இரண்டு எண்ணைக் காட்டியிருக்க முடியும். ஒரு வித்தியாசமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

142 வந்த அன்று லேபில் 129 வந்ததால் மெஷின் மீதே சந்தேகமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பத்து சதவீத வித்தியாசம்தான், மெஷின் சரியாகவே வேலை செய்கிறது. மெஷினைவிடக் கையைக் கவனியுங்கள். பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் பழச்சாற்றின் சர்க்கரையும் சேர்ந்து ரீடிங் எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் போதாது, தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுப்போகும். ரத்தச் சோகை உள்ளவர்களுக்குப் பல மெஷின்கள் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

லேப் என்றால் கல்வெட்டு என்றும் நினைக்க வேண்டாம். நான் ஒரு ஊரில் வேலை பார்த்தபோது, தொலைவில் இருந்த சேகரிப்பு மையத்திலிருந்து காலை ரத்தம் பஸ்ஸில் வரும். மே மாதம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வெறும் வயிற்றுச் சர்க்கரை வழக்கமாக 150 பக்கத்தில் இருப்பவர், அன்று 109. மனிதருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இரண்டு மாதமாக ஒரு கஷாயம் குடித்துவந்தாராம். "இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் சார்" என்று போனிலேயே என்னிடம் அதன் செய்முறையைச் சொன்னார். எனக்கு உறுத்தியது. குழாயைப் போய்ப் பார்த்தேன். சர்க்கரைக்கு ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். சிவப்பு மூடிக் குழாயில் எடுத்திருந்தார்கள். எடுத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. குழாய்க்குள் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு ஐந்திலிருந்து ஏழு சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் அதிகம். மறுநாள் அவரை நேரில் வரச்சொல்லி எடுத்தோம், 148. சர்க்கரை அவர் உடம்பில் குறையவில்லை, பஸ்ஸில் குறைந்திருந்தது. அவர் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. நான் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கஷாயம் அந்தத் தெரு முழுக்கப் பரவியிருக்கும். சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், கையில் லேப் ரிப்போர்ட்டே இருந்திருக்கும்.

இதனால்தான் நல்ல லேபில் தினமும் காலையில் நோயாளியின் ரத்தத்தைத் தொடுமுன், அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை மெஷினில் ஓட்டி சார்ட்டில் புள்ளி வைப்பார்கள். அதோடு வேலூர் சி.எம்.சி.யின் உயிர்வேதியியல் துறை நடத்துவதுபோன்ற வெளித் தரக்கட்டுப்பாட்டுத் திட்டங்களில் சேர்வார்கள். அங்கிருந்து வரும் மாதிரியின் அளவு நமக்குத் தெரியாது. நாம் அளந்து அனுப்ப வேண்டும், மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று பதில் வரும். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே போனால் திரும்ப ஓட்டுவேன், மறுபடியும் வெளியே போனால் இன்னொரு தடவை, உள்ளே வந்ததும் அதைக் குறித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பேன். எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒருநாள் சார்ட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "நல்லா வர்ற வரைக்கும் ஓட்டுனா நல்லாத்தான்பா வரும். அப்புறம் எதுக்கு ஓட்டுற?" என்று கேட்டார். உங்கள் கேள்வியில் ஒரு வரி இருக்கிறது: "ஒருநாள் 151 வந்தது, நம்பிக்கையில்லாமல் மறுபடி குத்தினேன், 133, அதைத்தான் எழுதினேன்." 112 வந்திருந்தால் மறுபடி குத்தியிருப்பீர்களா? மாட்டீர்கள். நானும் மாட்டேன். நல்ல எண் வந்தால் ஏற்றுக்கொள்கிறோம், கெட்ட எண் வந்தால் விசாரிக்கிறோம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் நோட்டு மெல்லச் சாய்ந்துவிடும். எழுதாத 23 நாள் என்ன நாட்கள் என்றும் யோசியுங்கள். முந்தின இரவு கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டுக் காலையில் மெஷினை எடுக்க யாருக்கும் மனசு வராது. 19 ரீடிங்கில் முதலையும் கடைசியையும் இந்த 133-ஐயும்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் மற்ற 16-ல்தான் எனக்கு ஆர்வம்.

அடுத்து, வெந்தயம் ஆரம்பித்த நாள். அதை நீங்கள் ஏதோ ஒரு நாளில் ஆரம்பிக்கவில்லை. 142 வந்து பயந்த நாளில் ஆரம்பித்தீர்கள். எதுவும் மாற்றாமல் அப்படியே இருந்தாலும் ஒருவருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை நாளுக்கு நாள் ஐந்தாறு சதவீதம் மேலும் கீழும் ஆடும். மெஷின் ஆட்டம் அதற்கு மேல். ஆடுகிற ஒன்று உச்சியில் இருக்கும்போது பிடித்தால், அடுத்து அது இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். பிரான்சிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து இதைக் காட்டினார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் குட்டை, மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் அவர்களைவிட உயரம். நம் ஊரில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. முழங்கால் வலி தாங்க முடியாத நாளில்தான் தைலம் வாங்கப் போகிறோம். ஒரு வாரத்தில் வலி குறைகிறது. வலி சுமாராக இருந்த நாளில் வாங்கியிருந்தால் அந்தத் தைலத்துக்கு அவ்வளவு பெயர் கிடைத்திருக்காது.

இதோடு சென்னையில் நடந்த ஒரு ஆய்வைச் சேர்த்துப் பாருங்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவு, உடற்பயிற்சியைத் திருத்திக்கொண்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. நடைக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு நம் மக்களிடமே கிடைத்த உறுதியான ஆதாரம் இது, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் முதல் குழுவை இன்னொரு தடவை பாருங்கள். விசேஷமாக எதுவும் தரப்படாத அவர்களில் 45 சதவீதம் பேருக்கு நோய் வரவில்லை. அவர்களில் ஒருவர் அந்த மூன்று வருடமும் தினம் பாகற்காய்ச் சாறு குடித்திருந்தால், தன்னைக் காப்பாற்றியது பாகற்காய்தான் என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

சரி, வெந்தயம். அதில் கரையும் நார்ச்சத்து அதிகம், அது வயிற்றில் கூழாகி சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும் என்பது நியாயமான விளக்கம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இதைச் சோதித்தும் இருக்கிறார்கள், சர்க்கரை குறையவும் செய்தது. ஆனால் 1990-ல் வெளியான அந்த ஆய்வில் கொடுத்தது ஒரு நாளைக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, இருந்தது பத்து பேர், நடந்தது பத்து நாள். உங்கள் ஒரு ஸ்பூன் நாலு கிராம் இருக்கும். "வெந்தயம் குறைக்கும் என்று விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்" என்று பகிரப்படும் செய்திகளில் இந்த 100 கிராம் மட்டும் வராது. ஆகவே ஒரு ஸ்பூன் வெந்தயம் கெடுதல் செய்யாது, கொஞ்சம் நல்லது செய்யவும் கூடும். 24 மி.கி. குறைப்பை அது ஒன்றே செய்தது என்பது மட்டும் எனக்கு நம்பக் கடினம். அதே வாரத்தில் நடையும், சர்க்கரையில்லாத காபியும் வந்திருக்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் என்றால் தினம் இருபத்தைந்து கிராம் சர்க்கரை போயிருக்கிறது. ஆனால் கசப்பாக எதையாவது விழுங்கினால்தான் வைத்தியம் என்று நம் மனசு கணக்கு வைக்கிறது, விட்ட சர்க்கரைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

உங்கள் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரை இருந்தால் ஆதாரம், இல்லாவிட்டால் இல்லை என்பது சோம்பேறித்தனமான சந்தேகம். அனுபவசாலிகள் சொன்னால் ஆதாரம் என்பதும் அப்படித்தான். இரண்டுக்கும் பதில் சேத்துப்பட்டில் இருக்கிறது. 1950-களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனாலும் நோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்பதில் உலகத்து டாக்டர்களுக்கு ஐயமே இல்லை. ஓய்வு, நல்ல காற்று, முட்டை, பால், இவை இல்லாமல் எப்படிக் குணமாகும்? வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? அரை நூற்றாண்டு அனுபவம் அந்தப் பக்கம் நின்றது. ஆனால் இந்தியாவில் அவ்வளவு படுக்கைகள் இல்லை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் ஆரம்பித்தார்கள். நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், ஒரு பாதிக்கு வீடு. மருந்து இருவருக்கும் ஒன்றே, ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, குறைந்த சாப்பாடு, வேலைக்கும் போனார்கள். 1959-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் வேலை செய்ததும் அரைவயிறு சாப்பிட்டதும் மருந்தின் பலனைப் பறித்துவிடவில்லை. தொடர்ந்து ஐந்து வருடம் பார்த்ததிலும் வீட்டாருக்கு நோய் கூடுதலாக ஒட்டவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் தொடர்ச்சிதான்.

இதை நான் புதிதாக வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். சானடோரிய டாக்டர்கள் முட்டாள்கள் இல்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கண்ணால் பார்த்தவர்கள், குறிப்பு வைத்தவர்கள், எடை எடுத்தவர்கள். ஓய்விலும் பாலிலும் தேறி வீட்டுக்குப் போனவர்களை அவர்கள் பார்த்தார்கள். அதே ஆள் மருந்தோடு வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பதைப் பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை. குலுக்கல் அந்த வழியைத் திறந்தது. எவ்வளவு அளந்தாலும், "நீ நினைத்தது தப்பு" என்று சொல்ல இடம் வைக்காமல் அளந்தால், அந்த அளவு நம் நம்பிக்கையைத்தான் திருப்பிச் சொல்லும்.

வாட்ச் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் ஸ்டெப் எட்ட முடியாமல் தினம் ஏழாயிரத்து இருநூறிலேயே நிற்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பத்தாயிரம் டாக்டர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டி ஜப்பானில் நடைமேல் ஆர்வம் பெருகியது, 1965-ல் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடியெண்ணும் கருவியைப் 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயரில் விற்றது. எண் அங்கிருந்து பரவியது. ஐ-மின் லீ குழுவினர் 2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைவு, சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அது வயதான பெண்களிடம் எடுத்தது, அப்படியே 47 வயது ஆணுக்குப் பொருத்த முடியாது. தவிர அங்கே யாரையும் குலுக்கிப் பிரிக்கவில்லை, ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் அதிகம் நடப்பார்கள் என்பதும் அந்தக் கணக்கில் கலந்திருக்கும். ஆனாலும் ஏழாயிரத்துக்கு நீங்கள் குற்ற உணர்ச்சிப்பட ஒரு காரணமும் இல்லை. வாட்ச் காட்டும் கலோரியை மட்டும் அறவே நம்பாதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது இதயத் துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே அளந்தன. கலோரியிலோ மிகச் சரியாக இருந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம். "300 கலோரி எரித்தேன், ஒரு மைசூர்பா சாப்பிடலாம்" என்று அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

உங்கள் பீபரி கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கட்டுரை வேண்டாம், எட்டு டம்ளர் போதும். நூறு வருடம் முன்பு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில், பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண் விஞ்ஞானி. புள்ளியியல் அறிஞர் ஆர்.ஏ. ஃபிஷர் அதை எடுத்துக்கொண்டு சோதனை வகுத்தார். எட்டுக் கோப்பை, நாலு ஒரு விதம், நாலு இன்னொரு விதம், கலைத்து வைக்க வேண்டும். எந்த நாலு எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் நாலும் சரியாக வர எழுபதில் ஒரு வாய்ப்பு. என் தம்பி பீபரி பக்தன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு டம்ளரில் பீபரி, நாலில் சாதாரண பிளான்டேஷன், ஒரே வறுவல், ஒரே பால். டம்ளருக்கு அடியில் நம்பர் ஒட்டியது என் மனைவி. எதில் எது என்று எனக்கும் தெரியாது, என் முகத்தைப் பார்த்து அவன் கண்டுபிடித்துவிடக் கூடாது இல்லையா. அவன் பொறுக்கிய நாலில் இரண்டு சரி. சும்மா சொன்னாலே பாதிக்கு மேற்பட்ட தடவை அப்படித்தான் வரும். அடுத்த வாரம் இருபது சதவீத சிக்கரி கலந்ததையும் கலக்காததையும் வைத்தோம். நாலும் சரி. முதல் வாய்க்கே சொல்லிவிட்டான். அவன் நாக்கு கெட்டிக்கார நாக்குதான், பீபரியில் மட்டும் நாக்கோடு விலையும் பெயரும் சேர்ந்து பேசியிருக்கின்றன. அவன் இன்றும் பீபரிதான் வாங்குகிறான். வாங்கட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. காபியில் தப்பினால் கிலோவுக்குக் கொஞ்சம் காசு போகும். ராத்திரி மாத்திரையில் தப்பினால் போவது வேறு.

வெந்தயத்தையும் இதே மாதிரி சோதிக்கலாம். கசப்பை மறைக்க முடியாது, அதனால் காபி அளவுக்குச் சுத்தமாக இருக்காது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரை, நடை, காபி எல்லாவற்றையும் இப்போது இருப்பதுபோலவே வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரத்தை இரண்டிரண்டாக ஆறு ஜோடியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயம் சுண்டி, எந்த வாரம் வெந்தயம், எந்த வாரம் இல்லை என்று முன்கூட்டியே நோட்டில் எழுதிவிடுங்கள். தினமும் காலை, கை கழுவி, ஒரே ஒரு தடவை குத்துங்கள். வந்ததை எழுதுங்கள், கல்யாண வீட்டு மறுநாளும் எழுதுங்கள். ஒவ்வொரு வாரத்திலும் முதல் இரண்டு நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். ஆறு ஜோடியிலும் வெந்தய வாரமே குறைவாக வந்தால், தற்செயலாக அப்படி நடக்க அறுபத்து நாலில் ஒரு வாய்ப்புத்தான், நான் உங்களோடு சேர்ந்து நம்புவேன். மூன்று அப்படி, மூன்று இப்படி என்றால் இந்த அளவில் உங்கள் மெஷினுக்குத் தெரிகிற மாற்றம் எதையும் வெந்தயம் செய்யவில்லை. வெந்தயத்தின் வேலை மாதக்கணக்கில் மெல்ல ஏறுவதாக இருந்தால் இந்தச் சோதனை அதைத் தவறவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் ஹெச்பிஏ1சி இதைவிட நல்ல சாட்சி, அதிலும் ஒரு கவனம் வேண்டும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தச் சோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், இரும்பு மாத்திரை சாப்பிட்டதும் சர்க்கரை மாறாமலேயே இறங்கும். நம் ஊரில் ரத்தச் சோகை அதிகம் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி அந்த மாத்திரை. உடனே வந்து உடனே போகிற, திரும்பத் திரும்ப அளக்கக்கூடிய விஷயங்களுக்கு நோட்டு நல்ல கருவி. நாலு இட்லி உங்கள் சர்க்கரையை இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு ஏற்றுகிறது, சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் எவ்வளவு குறைகிறது, இவற்றை எந்தக் கட்டுரையைவிடவும் உங்கள் நோட்டு நன்றாகச் சொல்லும். மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு, கண் பாதிப்பு இவை அப்படித் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்க முடியாத விஷயங்கள். அவற்றைக் காலை ரீடிங் காட்டாது. மெட்ஃபார்மினை டாக்டர்கள் விடாமல் கொடுப்பதற்கு ஒரு முக்கியமான காரணம், 1998-ல் வெளியான பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வு. உடல் எடை கூடுதலாக இருந்த சர்க்கரை நோயாளிகளைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்ததில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இறப்பும் குறைந்திருந்தன. எண்ணைக் குறைப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் நடந்த அக்கார்ட் ஆய்வில், நீண்ட நாள் சர்க்கரையும் இதய ஆபத்தும் உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர மருந்துகளைக் கூட்டினார்கள். எண் அழகாக இறங்கியது. ஆனால் அந்தப் பக்கம் 257 பேர் இறந்தார்கள், மிதமாக வைத்த பக்கம் 203 பேர். 2008-ல் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். உங்கள் நிலை அது இல்லை, பயப்பட வேண்டாம். 118 என்ற எண் ஒன்றை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்காகச் சொன்னேன்.

நடையும் சாப்பாடும் இப்படியே தொடர்ந்தால் உங்கள் மாத்திரை உண்மையிலேயே குறையக்கூடும், பலருக்குக் குறைந்து பார்த்திருக்கிறேன். அதை உங்கள் டாக்டர் செய்யட்டும். அடுத்த தடவை போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். 19 ரீடிங்கையும் காட்டுங்கள், எழுதாத 23 நாளுக்கு எதிரே வெறும் கோடு போட்டு வையுங்கள், அந்த 151-ஐயும் 133-க்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.